எதிர் டீம் வந்துவிட்டது

1. மினி வேன்

காலை ஒன்பதரை மணிக்கு அந்த மினி வேன் செங்கல்பட்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது, நான் வேப்பமரத்தடியில் என் பெண்களுக்கு இட்லிப் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ். கடைசியாக இறங்கியவள் தோளில் ஒரு வலைப்பை, அதில் நாலு பந்து. தேதி தெரியாமல் கோ-கோ ஆட வந்த டீம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோ-கோவுக்குப் பந்து எதற்கு என்று உறைக்க அரை நிமிஷம் ஆனது.

என் கேப்டன் தேவிகா போய் விசாரித்துவிட்டு ஓடி வந்தாள். "டீச்சர், அவங்க ஃபுட்பால் டீமாம். நம்மகூட ஆட வந்துகிறாங்களாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னிடம் இருந்ததும் ஃபுட்பால் டீம்தான். ஆனால் அதில் ஒருத்திகூட அதுவரைக்கும் பந்தை உதைத்தது கிடையாது.

2. பேப்பர் டீம்

முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், அதை நான் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் குறுவட்டப் போட்டிக்கான மீட்டிங் நடக்கும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்கள் கூடி, எந்தப் பள்ளி எந்த கேமுக்கு டீம் அனுப்புகிறது என்று பேர் கொடுப்போம். கபடிக்கு அடிதடி. வாலிபாலுக்கும் அப்படித்தான். போட்டியை நடத்துகிற கன்வீனர் 'பெண்கள் ஃபுட்பால்' என்று வாசிக்கும்போது மட்டும் அறை மொத்தமும் டீ குடிக்கும். கை தூக்குவது ஒரே ஒரு பள்ளி என்றால் எதிர் டீம் கிடையாது. குறித்த நாளில் பதினோரு பெண்களுக்கு ஜெர்ஸி மாட்டி மைதானத்தில் நிறுத்தினால் போதும், 'நோ ஆப்போனென்ட்' என்று எழுதி முதலிடச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். இதற்குத்தான் பேப்பர் டீம் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்தவள் நான் இல்லை. ஆனால் இதை என்னளவுக்குச் சுத்தமாகச் செய்தவர்கள் குறைவு. கோ-கோ டீமை அப்படியே ஃபுட்பால் படிவத்தில் ஏற்றி, கூட இரண்டு வாலிபால் பெண்களைச் சேர்த்து, தொடர்ந்து இரண்டு வருஷம் முதலிடம் வாங்கினேன். எச்.எம். அதை பிரேயரில் அறிவித்தார். பள்ளியே கைதட்டியது.

நிஜமாகவே ஃபுட்பால் ஆடவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கபடிக்கு ஒரு வாளி சுண்ணாம்பு போதும். கோ-கோவுக்கு இரண்டு கம்பம். ஃபுட்பாலுக்கு முழு மைதானம் வேண்டும். எங்கள் பள்ளி மைதானத்தில் பாதியைப் புதுக் கட்டடம் எடுத்துக்கொண்டது, மீதியில் டீச்சர்களின் ஸ்கூட்டர் நிற்கும். என் பீரியடை மேத்ஸ் டீச்சர் கேட்பார், அவர் விட்டால் சயின்ஸ் டீச்சர் கேட்பார், அக்டோபருக்கு அப்புறம் எனக்கு பீரியடே இருக்காது. இதெல்லாம் உண்மைதான். இதையே சாக்காக வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்பதும் உண்மை.

மூன்றாவது வருஷம் விஷயம் வேறு. தேவிகா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு மதுராந்தகத்தில் ஷேர் ஆட்டோ. சென்னையில் ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேரவேண்டும், ஹாஸ்டலோடு சீட் கிடைக்கும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. ஓட்டத்தில் அவளைத் தொட ஆள் கிடையாது. ஆனால் அந்த வருஷம் கோ-கோ இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றோம். இரண்டாமிடம். கம்பத்தைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள்.

"போச்சு டீச்சர். செகண்ட் ப்ளேஸ எவன் மதிப்பான்?"

"ஏண்டி ஒப்பாரி வைக்கிற? ஃபுட்பால்ல உன் பேரப் போட்டிருக்கேன். அடுத்த வாரம் முதலிடம் உன் கைக்கு வரும். அதை எடுத்துக்கிட்டு காலேஜுக்குப் போ" என்றேன். என் வார்த்தையை நம்பித்தான் அவள் அன்று இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

3. சீல்

அந்த வருஷம் குறுவட்டங்களைப் பிரித்து மாற்றியிருந்தார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடலோரப் பள்ளி எங்கள் வட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மீட்டிங்கில் நான் டீயைப் பார்த்தேனே தவிர லிஸ்ட்டைப் பார்க்கவில்லை.

அவர்களுடைய பி.டி. ஆசிரியர் அருள். பகுதிநேர வேலை, முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பந்துப் பையோடு இறங்கியவள்தான் கேப்டன், பெயர் சங்கரி, அவளும் பன்னிரண்டாம் வகுப்பு. இறங்கிய சூட்டோடு இரண்டு வரிசையாக நின்று பாஸ் போட ஆரம்பித்தார்கள். பந்து காலுக்குக் கால் போகிற சத்தத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் எங்கள் மானம் கப்பலேறிவிடும்.

ஒரு பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. தேவிகா குனிந்து அதை இரண்டு கையாலும் எடுத்து, பத்திரமாகக் கொண்டுபோய் சங்கரி கையில் கொடுத்தாள்.

"கால்ல தள்ளிவுட்டா போதாது? இன்னாத்துக்குத் தூக்கினு வர்ற?" என்று சங்கரி சிரித்தாள்.

கன்வீனர் மேஜையில் இரண்டு டீமின் படிவங்களும் இருந்தன. படிவத்தில் ஒவ்வொரு பெண்ணின் போட்டோ, பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் இருக்கும். கீழே தலைமை ஆசிரியர் கையெழுத்து. ஒவ்வொரு போட்டோ மேலும் பாதி விழுகிற மாதிரி பள்ளியின் வட்ட சீல். நான் சும்மா எட்டிப் பார்ப்பதுபோல் அருளின் படிவத்தைப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. சீல் ஒன்றுகூட இல்லை.

அந்த நொடியில் எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

"சார், இதுல சீல் இல்லியே" என்றேன்.

அருள் பதறிக்கொண்டு வந்தார். "எச்.எம். ட்ரெய்னிங் போயிட்டாங்க மேடம். சீலு அவங்க பீரோவுல மாட்டிக்கிச்சு. அதான் ஏ.எச்.எம். சைன் மட்டும் போட்டுக் குடுத்தாரு. சாவி பதினோரு மணிக்கு வந்துடும். பைக்ல போயி ஒரு மணிக்குள்ள குத்திகினு வந்துடறேன் மேடம்."

கன்வீனர் நல்ல மனுஷர். "இன்னாம்மா, ஒரு மணிக்கு ஆட்டத்த வெச்சிக்கலாமே. புள்ளைங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீதுங்க" என்று என்னைப் பார்த்தார்.

"ஆட்டம் பத்து மணிக்கு சார். படிவம் அதுக்கு முன்னாடி சரியா இருக்கணும். போன வருஷம் என் வாலிபால் டீம்ல ஒருத்தி போட்டோ ஒட்டலேன்னு நீங்கதானே அவள வெளியில உக்கார வெச்சீங்க? எனக்கு ஒரு ரூல், அவங்களுக்கு ஒரு ரூலா?"

நான் சொன்னது உண்மை. கன்வீனர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அப்போது சங்கரி வந்து மேஜை முன்னால் நின்றாள். "டீச்சர், சர்டிபிகேட்டு நீங்களே எடுத்துக்கங்க. நாங்க கேக்கல. ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறோம். போட்டிக்கே இப்பதான் மொத தடவ வர்றோம். நாங்க எப்பவும் எங்களுக்குள்ளயேதான் ஆடிகினு கீறோம். எதிர் டீமுன்னு ஒண்ணு எங்களுக்குக் கெடச்சதே இல்ல டீச்சர்."

ஆடினால் என் பெண்களுக்கு ஆடத் தெரியாது என்பது கன்வீனருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு வருஷத்துப் பழைய கதையும் சேர்ந்து கிளம்பும். நான் வாட்சைப் பார்த்தேன். "நேரமாயிடுச்சும்மா. புள்ளைங்கள வூட்டுல கொண்டுபோய் விடணும்" என்றேன். அப்போது மணி பத்தே கால்.

கன்வீனர் 'நோ ஆப்போனென்ட்' என்று எழுதினார். சான்றிதழ்களில் டீம் மேனேஜர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண்கள் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் தேவிகா சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலிடம் வாங்கினால் மாவட்டப் போட்டிக்குப் போகவேண்டும். காலாண்டுத் தேர்வு வருகிறது, வர இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே நிஜ டீம்கள் வரும்.

4. ஆறு கோன்

மே மாதம் கல்லூரியில் ட்ரையல். தேவிகாவோடு நானே போனேன். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். விளையாட்டு என்ற இடத்தில் ஃபுட்பால் என்று எழுதினேன். கோ-கோ இரண்டாமிடச் சான்றிதழையும் அவள் எடுத்து வந்தாள். "முதலிடம் இருக்கும்போது அதை எதுக்குடி தூக்கிட்டு வர்ற?" என்று நான்தான் அதை ஆட்டோவிலேயே அவள் அப்பாவிடம் கொடுக்க வைத்தேன்.

செலக்‌ஷன் நடத்தியது ஒரு பெண் கோச். மைதானத்தில் கூம்பு மாதிரி ஆறு பிளாஸ்டிக் கோன் வைத்திருந்தார். பந்தை அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். தேவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? போ என்று தலையை ஆட்டினேன். முதல் உதையிலேயே பந்து வேலியைத் தாண்டிப் போனது. அடுத்த முறை அவள் பந்தைவிட வேகமாக ஓடிவிட்டாள், பந்து பின்னால் தங்கிவிட்டது. மூன்றாவது முறை பந்து மேலேயே காலை வைத்து விழுந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

கோச் விசில் ஊதி நிறுத்தினார். சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீம் மேனேஜர்னு போட்டிருக்கிறது உங்க சைனா மேடம்?"

"ஆமா" என்றேன்.

சான்றிதழை மடிப்பு விழாமல் கவருக்குள் திரும்ப வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்தது.

தேவிகா முழங்கால் புழுதியைக்கூடத் தட்டாமல் ஓடி வந்தாள். "மேடம், நான் கோ-கோ நல்லா ஆடுவேன் மேடம். எங்க ஸ்கூல் கேப்டன் நான்தான்."

"அப்ப அதுக்கே அப்ளை பண்ணியிருக்கலாமேம்மா? குறுவட்டத்துல ஆடியிருந்தாலே போதும், எந்த எடம்னு நாங்க பாக்கறதில்ல. ஃபார்ம்லயே போட்டிருக்கே. கோ-கோ செலக்‌ஷன் காலையிலயே முடிஞ்சிடுச்சு" என்றார் கோச்.

ஃபார்மில் இருந்தது. நான் படிக்கவில்லை. முதலிடம் என்று எழுதாத காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்பது என் மண்டையில் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. அவள் உண்மையாக ஓடி வாங்கியதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆடாமல் வாங்கியதைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போயிருக்கிறேன்.

திரும்பும்போது ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், அந்தக் கடலோர ஸ்கூல் பொண்ணு வந்திருந்தா இன்னிக்கு சீட்டு அதுக்குத்தான். அதுகிட்ட பேப்பர் இல்ல, என்கிட்ட ஆட்டம் இல்ல. ரெண்டு பேருக்கும் இல்லாம பண்ணிட்டீங்களே டீச்சர்."

சான்றிதழைக் கவரோடு என் மடியில் வைத்தாள். "இத நீங்களே வெச்சிக்கங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் விசில் ஊதி ஊருக்கே அதட்டல் போட்டவள், ரயிலில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

5. மணலில்

ஜூனில் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஏறினேன். அருளிடம் போனில் சொல்லியிருந்தேன். "வாங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார். அவர் கோபத்தில் தப்பில்லை.

சாயங்காலம் நாலரை மணி. ஏற்றி வைத்த படகுகளைத் தாண்டி ஒரு சமதளமான மணல். கோல் போஸ்ட்டுக்கு மூங்கில், அதில் கிழிந்த மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். சங்கரி சின்னப் பெண்களுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது முடித்து மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் சேர்ந்திருப்பதாக அருள் சொன்னார். வேலை முடிந்ததும் இங்கே வந்துவிடுவாளாம்.

என்னைப் பார்த்ததும் பந்தைக் காலடியில் நிறுத்தினாள். "இன்னா டீச்சர், கோல் போஸ்ட்டுல சீலு கீதான்னு பாக்க வந்தீங்களா?"

சின்னப் பெண்கள் கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

"தப்பு என்னுதுதாம்மா. என் டீமுக்கு ஃபுட்பால் ஆடவே தெரியாது. அது வெளியில தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் உங்கள ஆடவிடல."

"அன்னிக்கே தெரியும் டீச்சர். பந்தக் கையில தூக்கினு வந்துச்சே அந்தப் பொண்ணு."

"அப்பவே கன்வீனர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எங்கள ஆட வுட்டிருப்பீங்களா?"

தேவிகாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அந்த சீட்டு உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று தேவிகா சொன்னதையும் சொன்னேன். சங்கரி கடல் பக்கம் திரும்பிப் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா, தெரியவில்லை.

"போனது போச்சு. சாரி எனக்கு இன்னாத்துக்கு டீச்சர்? ஒரு ஆட்டம் கேட்டேன். இப்பவாச்சும் டீம கூட்டிகினு வாங்க."

6. நாலுக்கு ஒன்று

திங்கட்கிழமை எச்.எம். அறைக்குப் போய், என் பீரியட் எனக்கு வேண்டும் என்றேன். சர்வீஸில் முதல் தடவையாக அப்படிக் கேட்டேன். மேத்ஸ் டீச்சர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஸ்கூட்டர்களைச் சைக்கிள் ஷெட்டுக்கு மாற்ற வைத்தேன், அதில் இன்னும் இரண்டு பேர் முறைத்தார்கள். சனிக்கிழமைகளில் வீடுவீடாகப் போய்ப் பேசி, பெண்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். "பொம்பளப் புள்ள காலத் தூக்கினு உதைக்கிறதா?" என்று கேட்டவர்களுக்கு என் நீளமான வாய் பயன்பட்டது.

முதல் சனிக்கிழமை பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். மணலில் ஓடத் தெரியாமல் என் பெண்கள் பொத்பொத்தென்று விழுந்தார்கள். கூப்பிடாமலே தேவிகாவும் வந்திருந்தாள். மார்க்கை வைத்துச் செங்கல்பட்டிலேயே பி.காம். சேர்ந்திருந்தாள். அவளைப் பள்ளி டீமில் சேர்க்க முடியாது, இருந்தாலும் சங்கரி அவளைச் சும்மா உட்கார விடவில்லை.

"ஏய் கோ-கோ, இங்க வா. காலு எதுக்கு கீது உனுக்கு?" என்று இழுத்து விட்டாள். ஒரு மாதத்தில் இருவரும் வாடி போடி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரியில் தேவிகா கோ-கோ டீமில் சேர்ந்துவிட்டதைச் சங்கரி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவளுக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. அதற்கு நான் அவளைக் குறை சொல்ல முடியாது.

குறுவட்டப் போட்டி நாள் வந்தது. காலை ஆறு மணிக்கு அருளுக்குப் போன் போட்டேன். "சீல் போட்டாச்சா சார்?"

"நேத்தே மூணு தடவ செக் பண்ணிட்டேன் மேடம்" என்று சிரித்தார்.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். நாங்கள் போட்ட அந்த ஒரு கோலுக்கு என் பெண்கள் குதித்த குதியைப் பார்த்து, யார் ஜெயித்தது என்று கன்வீனர் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். பெண்கள் ஃபுட்பாலுக்கு எதிரே கோல் எண்ணிக்கையை எழுதியது அதுதான் அவருக்கும் முதல் தடவையாம். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து கோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு உருண்டு வந்தது. அங்கே சங்கரியும் தேவிகாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தேவிகா அதை உள்ளங்காலால் நிறுத்தி, எங்கள் பெண்ணின் காலடிக்கே நேராகத் தள்ளிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கைதட்டினேன்.

அதற்கு அப்புறம் ரிடையர் ஆகிற வரைக்கும் பெண்கள் ஃபுட்பாலில் நான் முதலிடம் வாங்கவே இல்லை. ஏன் என்று எச்.எம். கேட்டார், இப்போது நிஜமாக ஆடுகிறோம் என்று பதில் சொன்னேன். இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டீம் இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். எதிர் டீம் வந்துவிட்டால் ஆடவிடுங்கள், பத்து கோல் வாங்கினாலும் சரி. பிள்ளைகள் தோற்றால் இரண்டு நாள் அழுவார்கள், அப்புறம் பந்து எங்கே என்று கேட்பார்கள். நாம் ஆடவிடாமல் வாங்கிக் கொடுக்கிற காகிதம் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் ஆறு கோனுக்கு முன்னால் பார்த்துவிட்டேன்.

தேவிகா என் மடியில் வைத்துவிட்டுப் போன அந்த முதலிடச் சான்றிதழ் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. கையெழுத்து, தேதி, சீல் எல்லாம் அதில் சரியாக இருக்கின்றன.